கேட்டால் சொல்லுவம்: ஊர்ப் பள்ளிக்கூடக் கேள்விகள்

யாழ்ப்பாணத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களையும் அங்கே நடக்கிற விழாக்களையும் பற்றிக் கேளுங்கோ என்று போன இதழில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். கேள்வி கேட்கச் சொன்னால் பாதிப்பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சந்தோஷம். சிலர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள், அதனால் எல்லாருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருடம் நூறு வயது. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் நல்ல ஒரு தொகை சேர்த்து வைத்திருக்கிறோம். வாசலில் பெரிய வளைவு கட்டி, உள்ளே ஸ்தாபகருக்குச் சிலையும் வைக்க விருப்பம். அதிபர் பிடி கொடுக்கிறார் இல்லை. என்ன செய்யலாம்?
— பழைய மாணவர், ஸ்காபரோ, கனடா

அதிபர் ஏன் பிடி கொடுக்கவில்லை என்று அவரிடமே கேட்டீர்களா? நீண்ட கடிதம் எழுதியிருக்கிறீர்கள், வளைவின் அகலம், சிலையின் உயரம், கல்வெட்டில் யார் யாருடைய பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்பது வரை எல்லாம் இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடத்துக்கு என்ன தேவை என்று அங்கே இருக்கிற ஒருவர் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. சின்னப் பள்ளிக்கூட அதிபரின் தலையிடி வேறு: பெண்பிள்ளைகளின் மலசலகூடம், மாரிக்கு ஒழுகுகிற ஓடு, ஆங்கிலத்துக்கும் சங்கீதத்துக்கும் ஆள் இல்லாமல் வெறுமையாகக் கிடக்கிற நேரசூசி. இதற்கு நடுவில் வளைவு வேலை தொடங்கினால் மேசனைத் தேடுவதும் சீமெந்து எண்ணுவதும் அவர் தலையில்தான் விழும். நீங்கள் திறப்பு விழாவுக்கு வந்து போய்விடுவீர்கள்.

அதோடு, அரச பாடசாலை வளவுக்குள் எதைக் கட்டுவதென்றாலும் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி எடுக்க வேண்டும். காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்குப் போய்ப் பற்றுச்சீட்டு வர வேண்டும். "நம்பிக்கையான ஆள்" என்று யாரோ ஒரு மச்சானின் சொந்தக் கணக்குக்கு அனுப்பி, பிறகு கணக்குக் கேட்கப் போய், நூற்றாண்டோடு ஊர் இரண்டாகப் பிரிந்த கதைகள் இங்கே தாராளமாக உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே ஒன்றிரண்டு தெரிந்திருக்கும்.

எனக்கு நல்லதாகப் படுகிறது இது. தொகையில் பெரிய பங்கை நிலையான வைப்பில் போட்டுவிட்டு, வட்டியை மட்டும் எடுத்து, ஆள் இல்லாத பாடத்துக்கு ஊரிலேயே படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற ஒரு பிள்ளையைப் படிப்பிக்க விடலாமா என்று அதிபரோடும் பணிமனையோடும் பேசிப் பாருங்கள். படம் எடுத்து முகநூலில் போட அதில் ஒன்றும் இருக்காது. ஆனால் தேவாரம் சுருதியோடு பாடத் தெரிந்த பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள்.

விழாவுக்கு வருவோம். மலர் போடுவீர்கள், அது நல்ல காரியம். ஆனால் முதல் இருபது பக்கமும் வாழ்த்துச் செய்தியாக இருந்தால் அதை யாரும் திறக்க மாட்டார்கள். பிள்ளைகளைச் சேர்த்த விபரம் எழுதின பழைய சேர்விடாப்பு இருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் நடந்ததை எழுதி வைத்த சம்பவத் திரட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டையால் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது எத்தனையோ பள்ளிக்கூடங்களின் அலுமாரிகள் அப்படியே கிடந்தன, திரும்பி வந்தபோது கிடக்கவில்லை. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட பள்ளிகளுக்கு அலுமாரி மட்டுமல்ல, சுவரும் மிஞ்சவில்லை. ஆக இன்றைக்கு உங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய வகுப்புப் படங்கள் இருக்கிற இடம் பெரும்பாலும் ஸ்காபரோவிலும் லண்டனிலும் உள்ள அல்பங்கள்தான். டொலர் சேர்த்தது போல அவற்றையும் சேருங்கள். யார் எந்த வரிசையில் நிற்கிறார் என்று பெயரோடு எழுதுங்கள், எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். மலர் வந்ததும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்தால் மின்வடிவில் ஏற்றிவிடுவார்கள். 2005 முதல் அந்த எண்ணிம நூலகம் இருக்கிறது, பள்ளிக்கூட மலர்கள் நிறையவே அதில் கிடக்கின்றன, போய்ப் பார்த்தால் எப்படிப் போடலாம் எப்படிப் போடக்கூடாது என்று இரண்டும் தெரியும்.

திகதியை உங்களுடைய ரிக்கெற்றைப் பார்த்து வைக்காதீர்கள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள், அதோடு சேர்த்து வந்தால் வசதி என்று எல்லாரும் ஓகஸ்டைத்தான் கேட்கிறீர்கள், ஆனால் அது பிள்ளைகளுக்கு விடுமுறைக் காலம். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் வாருங்கள். ஊர்ச் சனம் சமைக்கட்டும், சனசமூக நிலையத்துப் பெடியள் பந்தல் போடட்டும், மேடையில் ஊரைவிட்டு அசையாமல் இருந்தவர்களை முதலில் இருத்துங்கள். சிலையைப் பற்றி அதற்குப் பிறகு ஆறுதலாக யோசிக்கலாம்.

வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று. முதலாம் வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள்தானாம். மாமி வீட்டார் ரவுணுக்கு வானில் அனுப்பச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மகளுக்கு வருகிற ஜனவரியில் ஐந்து முடிந்துவிடும். எங்கே சேர்க்க?
— ஒரு தாய், சுன்னாகம்

ஜனவரி 31க்குள் ஐந்து வயது பூர்த்தியானால் தரம் ஒன்றுக்குச் சரி. விண்ணப்பம் அதற்கு முந்தின வருடத்தின் நடுப்பகுதியிலேயே கேட்பார்கள், பத்திரிகையைக் கவனியுங்கள்.

எங்கே என்பதற்கு, மாமி சொல்வதையும் விடுங்கள், நான் சொல்வதையும் விடுங்கள். ஒரு சாதாரண நாளில், விழா ஒன்றும் இல்லாத நாளில், காலை எட்டு மணிபோல அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். தரம் ஒன்றுக்கென்று தனியாக ஒரு ரீச்சர் இருக்கிறாவா, அல்லது ஒன்றையும் இரண்டையும் மூன்றையும் ஒரே மண்டபத்தில் வைத்து ஒருவரே இழுக்கிறாவா? அந்த ரீச்சர் ஊருக்குப் பக்கத்து ஆளா, அல்லது இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறவரா? குடிதண்ணீர், மலசலகூடம், ஆங்கிலத்துக்கு ஆள். இவ்வளவும் பார்த்தால் காணும். திருப்தியென்றால் யோசிக்காமல் சேருங்கள். ஏழெட்டுப் பிள்ளைகளில் உங்கள் மகள் இரண்டு நாள் வராவிட்டால் ரீச்சர் வீட்டுக்கே வந்து கேட்பா. ஏழரைக்குத் தொடங்குகிற பள்ளிக்கு விடிய எழுப்பி, நித்திரைத் தூக்கத்தோடு தோசையைத் திணித்து, வானில் பின்சீற்றில் ஏற்றி அனுப்புகிற கூத்தும் இல்லை.

திருப்தியில்லை என்றால் சேர்க்காதீர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பை ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது, நான் எவ்வளவு ஊர்ப் பள்ளிக்கூட ஆளாக இருந்தாலும். ஆனால் சேர்க்காத காரணத்தை அதிபரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போகிறவர்களால்தான் அவருக்குப் பணிமனையில் ஆள் கேட்டுச் சண்டை பிடிக்க ஆதாரம் இல்லாமல் போகிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதியபின் ரவுண் கல்லூரிகளின் கதவு இன்னொரு தடவை திறக்கும் என்பதையும் மாமிக்குச் சொல்லி வையுங்கள், கொஞ்ச நாளைக்கு அமைதியாக இருப்பா.

பள்ளிக்கூடப் பெயர்ப்பலகைகளில் அ.த.க., அ.மி.த.க., றோ.க.த.க. என்றெல்லாம் இருக்கிறதே, இவை என்ன?
— பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

அரசினர் தமிழ்க் கலவன், அமெரிக்கன் மிஷன் தமிழ்க் கலவன், றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை. கலவன் என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிறது. முன்னால் வருகிற 'யா/' யாழ்ப்பாண மாவட்டம்.

அந்த எழுத்துகள் நில உறுதி மாதிரி: முதலில் யார் கையில் இருந்தது என்று காட்டும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இறங்கி, பிறகு ஊரூராகச் சின்னப் பள்ளிகள் வைத்தார்கள். வெஸ்லியன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர் என்று மற்றவர்களும் வைத்தார்கள். அதைப் பார்த்து ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதே பெயரைப் பிறகு எத்தனையோ ஊர்கள் தங்கள் பள்ளிக்கும் வைத்துக்கொண்டன. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் வந்து, 'இந்து போர்ட்' இராசரத்தினம் என்று ஊர் அழைத்த அந்த மனிதரின் அலைச்சலில், கிராமங்களில் வரிசையாகச் சைவப் பள்ளிகள் எழும்பின. காணி ஒருவர், கல்லு ஒருவர், பனைமரம் ஒருவர் என்று ஊரே கொடுத்ததுதான் அநேகம். 1960–61இல் அரசாங்கம் உதவி பெறும் பள்ளிகளைப் பொறுப்பெடுத்தபோது யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் (சென் ஜோன்ஸ்) கல்லூரி போன்ற சில தனியாராகவே நின்றன. ஊர்ப் பள்ளிகளின் பெரும்பகுதி அரசுக்குப் போனது. சம்பளம் கொடுப்பவர் மாறினார், பலகையில் எழுத்து மட்டும் பழைய முகாமையாளரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. சில இடங்களில் 'வித்தியாலயம்' என்று மாற்றி எழுதிவிட்டார்கள், ஆனால் ஊரில் இன்றைக்கும் "மிசன் பள்ளிக்கூடம்" என்றால்தான் ஓட்டோக்காரருக்கு வழி தெரியும்.

ஊர்ப் பள்ளிக்கூடம், ஊர்ப் பள்ளிக்கூடம் என்று உருகுகிறீர்கள். என் பேரனார் அந்தப் பள்ளிக்கூடத்தில் நிலத்தில் இருந்து படித்தவர். வாங்கில் (பெஞ்சில்) இருக்க விடவில்லை. உங்கள் நூற்றாண்டு மலர்களில் இது வருமா?
— வாசகர், வடமராட்சி

வர வேண்டும். இதுவரை வந்ததைத் தேடினால் கிடைப்பது அருமை, அது வெட்கக்கேடு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்க்கவே மாட்டார்கள், சேர்த்த இடத்திலும் வாங்கு மற்றவர்களுக்கு, நிலம் இவர்களுக்கு. சம ஆசனம், சம போசனம், அதாவது சமமாக இருக்கவும் சமமாகச் சாப்பிடவும் விட வேண்டும் என்ற கோரிக்கை அதற்கு எதிராகத்தான் எழுந்தது. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர்கள், ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள், அதன் பக்கம் நின்றார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று ஆனபோது, கல்வியில் பெரிய ஊர் என்று பெயரெடுத்த இந்த ஊரிலேயே எதிர்ப்புக் கிளம்பியது, பள்ளிக்கூடங்களுக்குத் தீயும் வைத்தார்கள். பிறகு ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் விடாமுயற்சியால், சேர்க்க மறுத்த ஊர்களில் புதிய பள்ளிக்கூடங்கள் வந்தன. இன்றைக்கு 'சின்னப் பள்ளிக்கூடம்' என்று நாங்கள் சொல்கிறவற்றில் சில அப்படி வந்தவைதான். ஒரே ஊரில் கூப்பிடு தூரத்தில் இரண்டு பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்த விடையைத் தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

உங்கள் பேரனாரின் கதையை நீங்களே எழுதுங்கள். அவருடைய பெயரும் அவர் படித்த ஆண்டும் சேர்விடாப்பில் இருக்கும், மலர்க் குழு போடாவிட்டால் இந்த இதழுக்கு அனுப்புங்கள். விழா எடுக்கிறவர்களுக்கும் ஒன்று: யாரை மேடைக்குக் கூப்பிடுகிறீர்கள், கேத்தலும் தேத்தண்ணிக் கோப்பையும் யார் கையில் இருக்கிறது, யார் வெளியே பந்தலோடு நின்றுவிடுகிறார்கள் என்று அன்றைக்கு ஒரு தரம் சுற்றிப் பாருங்கள்.

பள்ளிக்கூட விழா என்றால் பத்துப் பேர் பேசத்தான் வேண்டுமா?
— களைத்துப்போன பெற்றோர், மானிப்பாய்

வேண்டாம். இரண்டு பேர் காணும். மூன்றாவது ஆள் பொன்னாடையை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு இருக்கட்டும். பிரதம விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தினால் அவர் வராமலே தொடங்குங்கள், இல்லாவிட்டால் கண்ணனுக்கும் ராதைக்கும் முகத்தில் பூசின மா வெயிலில் வழிந்து, இடுப்பில் கட்டின சீலை அவிழ்ந்து, கடைசியில் ஆடவேண்டிய நேரத்தில் பிள்ளை அழத் தொடங்கிவிடும்.

தீவகத்தில் ஒரு சின்னப் பள்ளியில் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் குறைவு. இல்ல விளையாட்டுப் போட்டி, வாணி விழா எல்லாம் சுற்றறிக்கைக்காகச் செய்வது போல ஆகிவிட்டது. பெரிய பள்ளிகளைப் பார்த்துச் செய்யவும் வசதி இல்லை. ஏதாவது யோசனை?
— ஆசிரியை, நெடுந்தீவு

ரீச்சர், குறிகட்டுவானில் படகு ஏறி இறங்கிப் படிப்பிக்கிற உங்களுக்கு யோசனை சொல்ல இங்கே கதிரையில் இருக்கிற எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். என்றாலும் கேட்டுவிட்டீர்கள்.

பெரிய பள்ளிகளைப் பார்க்காதீர்கள் என்பதுதான் முதல் யோசனை. பெரிய கல்லூரிக்காரர்களுக்கு வடக்கின் பெரும் போர் என்கிற கிரிக்கெட் ஆட்டம் இருக்கிறது, 1904இலிருந்து மத்திய கல்லூரியும் பரி. யோவானும் அடிபடுகிறார்கள், பாண்ட் வாத்தியம் இருக்கிறது, இல்ல அலங்காரத்துக்குத் துணி வாடகைக்கு எடுக்கப் பழைய மாணவர் இருக்கிறார்கள். உங்களிடம் ஊர் இருக்கிறது. நான்கு இல்லம் என்று பிரித்து இல்லத்துக்கு ஐந்து பிள்ளைகளை நிறுத்தாமல் இரண்டாகப் பிரியுங்கள், மிச்ச இடத்தை ஊருக்கு விடுங்கள். அப்புமார் ஒரு பக்கம், பழைய மாணவர் ஒரு பக்கம் கயிறிழுக்கட்டும். தாய்மாருக்குத் தேசிக்காய் கரண்டி ஓட்டம் வையுங்கள், வெட்கப்படுவார்கள், முதல் ஆள் ஓடிவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. கிளித்தட்டு மறிப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை, கோடு கீற ஒரு தடியும் மறிக்க நான்கு பேரும் போதும், ஆனால் எப்படி மறிப்பது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மைதானத்துக்குள் இறங்க வேண்டும், அந்த ஆள் பிறகு பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் வருவார். இல்ல அலங்காரத்துக்குப் பனையோலை, தென்னோலை. நெடுந்தீவில் கோறைக் கற்களை (பவளப்பாறைக் கற்களை) அடுக்கிக் கட்டின வேலி உலகத்தில் எல்லா இடத்திலும் இருக்கிற சாமான் அல்ல. வாசலில் அதையே சின்னதாக அடுக்கி, ஓலையில் உங்கள் தீவுக் குதிரை ஒன்று பின்னி வைத்தால் நடுவர் புள்ளி போடாமல் எங்கே போகப் போகிறார்.

தைப்பொங்கல் பக்கம் காற்றுச் சாதகமாக இருந்தால் பட்டம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று நடக்கிற பட்டப் போட்டியின் அளவுக்கு வேண்டாம், அங்கே ஏற்றுகிறதெல்லாம் ஆளை இழுத்துக்கொண்டு போகிற சாமான்கள். பிள்ளைகள் தகப்பனோடோ மாமனோடோ சேர்ந்து கட்டிய பட்டம் மட்டும்தான் போட்டிக்கு என்று சொல்லுங்கள். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, படலம், எதுவும் சரி, காற்றில் ஒலிக்கிற விண் பூட்டிக் கூவ வைத்தால் தனிப் பரிசு. கடையில் வாங்கினது செல்லாது.

வாணி விழாவில் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு, உங்கள் பள்ளிக்கூடத்தில் என்றில்லை, எல்லா இடத்திலும். ஒன்பது நாள் விழாவைக் கடைசி நாளுக்குள் அடைத்து, காலையில் பூசை, பத்து மணிக்குப் பேச்சு, பதினொன்றுக்கு அவலும் கடலையும், வீட்டுக்குப் போ என்று முடித்துவிடுகிறோம். பிள்ளைகள் குறைவு என்பது இங்கே உங்களுக்கு வசதி. ஒவ்வொரு நாள் பூசையையும் இரண்டு மூன்று வீட்டுக்குப் பொறுப்பாகக் கொடுங்கள். துர்க்கைக்கு மூன்று, இலட்சுமிக்கு மூன்று, சரஸ்வதிக்கு மூன்று என்று பிள்ளைகளுக்கும் கணக்கு மனதில் நிற்கும். சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாட்டையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டால் மேடை கிடைக்காத பிள்ளை என்று ஒன்றும் இருக்காது. பெரிய பள்ளியில் நன்றாகப் பாடுகிற நான்கு பிள்ளைகள்தான் வருடா வருடம் பாடும், மற்றதெல்லாம் கைதட்டும். ஊர்க் கோயிலில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்கிற ஐயா யாராவது இன்னும் இருந்தால் ஒரு நாள் கூப்பிட்டுச் சூரன் கதை சொல்லச் சொல்லுங்கள். நீட்டிக்கொண்டு போவார், பரவாயில்லை, சூரன் மாமரமாக நிற்கிற இடத்தில் ஒரு பிள்ளையும் எழும்பாது.

வாணி விழா, குருபூசை என்றே எழுதுகிறீர்கள். கிறிஸ்துமசுக்கு ஒளி விழா நடத்துகிற பள்ளிக்கூடங்கள் யாழ்ப்பாணத்தில் இல்லையா?
— வாசகி, பாசையூர்

இருக்கின்றன, நல்ல குட்டும் கூட. உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் தொடங்கியது. எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. நாவலரே வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவர். பிறகு எதிர்த்து நின்றது வேறு கதை, ஆனால் வகுப்பு வைத்துப் பள்ளிக்கூடம் நடத்துகிற வித்தையை எங்கே கண்டார் என்பதை மறைக்கத் தேவையில்லை.

பாசையூர், குருநகர்ப் பக்கத்தில் பள்ளிக்கூடமும் கோயிலும் கூத்தும் ஒரே வளவுக்குள்தான் வளர்ந்தன. தென்மோடிக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வாழ்கிற ஊரில், ஒளி விழாவுக்கு யேசு பிறப்பு நாடகத்தை இணையத்தில் பார்த்து அப்படியே போடுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அண்ணாவியாரிடம் போய், பிள்ளைகள் பாடக்கூடிய மாதிரிப் பத்து நிமிடத்துக்கு ஒரு துண்டு கேளுங்கள். மூன்று ஞானிகளுக்கும் ஏரோதுக்கும் வரவுத் தரு (மேடைக்கு வரும்போது பாடுகிற பாட்டு) பாட அவர் ஒருநாளும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

இந்த இடத்தில் ஒஸ்மானியாக் கல்லூரியையும் சொல்லிவிட வேண்டும். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்களை இங்கிருந்து வெளியேற்றியபோது பிள்ளைகளோடு பள்ளிக்கூடமும் வெறுமையானது. மீண்டு வந்தவர்கள் அதைத் திரும்ப நடத்துகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் அதை விட்டுவிட்டு எழுதினால் அந்தப் பட்டியல் பிழை.

ஏடு தொடக்குவது விஜயதசமிக்கு மட்டும்தானா? மகனுக்குச் செய்யத் தவறிவிட்டது.
— தகப்பன், கொடிகாமம்

தைப்பூசத்துக்குச் செய்யலாம், இங்கே எத்தனையோ வீடுகளில் புதிர் (புது நெல்) எடுக்கிற அதே நாளில்தான் ஏடும் தொடக்குவார்கள். கோயிலில் ஐயரும் செய்வார், ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறின ஒரு வாத்தியாரையோ ரீச்சரையோ கேட்டுப் பாருங்கள். தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி, பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கிற அந்த வேலைக்கு அவர்களை விடப் பொருத்தமான ஆள் இல்லை. வெற்றிலை பாக்கோடு போய்க் கேளுங்கள், வேட்டி மடிப்புக் கலையாமல் அரைமணி நேரம் முந்தியே வந்து நிற்பார்கள். மகன் அழுதால் பயப்பட வேண்டாம், அழாத பிள்ளை அருமை.

உணர்ச்சியை விட்டுவிட்டுப் பேசுவோம். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு அதிபர், ஆறு ஆசிரியர், ஒரு கட்டிடம். நான்கு பள்ளிகளை மூடி ஒரு நல்ல பள்ளியாக்கினால் என்ன?
— பொறியியலாளர், கொழும்பு

சில இடங்களில் அதுதான் சரி, மறைக்க என்ன இருக்கிறது. இரண்டு பள்ளிக்கூடம் ஒரே வீதியில் நின்று, இரண்டிலும் கணித ஆசிரியர் இல்லை என்றால் சேர்ப்பதில் பிள்ளைக்கு லாபம்தான்.

ஆனால் உங்கள் கணக்கில் பஸ் இல்லை. எழுவைதீவிலோ அனலைதீவிலோ பள்ளியை மூடினால் ஆறு வயதுப் பிள்ளை எதில் ஏறி எங்கே போகும்? கடல் கொந்தளிக்கிற நாளில்? தென்மராட்சி உள்ளூர்களில் மாரிக்கு வீதியில் முழங்காலளவு தண்ணீர். சைக்கிள் இல்லாத வீட்டுப் பிள்ளை முதல் மாதம் வரும், இரண்டாம் மாதம் இடைக்கிடை வரும், பிறகு தகப்பனோடு தோட்டத்துக்குப் போகும். அதோடு ஊர்ப் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. வெள்ளம் வந்தால் சனம் போய்ப் படுக்கிற இடம் அது, வாக்குப்போடுகிற இடம், தடுப்பூசி போடுகிற இடம், சண்டைக் காலத்தில் அகதிகளாக வந்தவர்களை இருத்தின இடம். மூடுகிற கணக்குப் போடுகிறவர்கள் இதையும் ஒரு நிரலில் எழுதிக் கூட்டிக் கழிக்கட்டும், அப்புறம் பேசுவோம். போக்குவரத்தை முதலில் ஓட விட்டு, பிள்ளைகள் எல்லாரும் போய்ச் சேர்வதைக் கண்ணால் கண்டபிறகு பூட்டைத் தேடினால் நானும் உங்களோடு நிற்பேன்.

ஆடிப்பிறப்புக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் கூழ் காய்ச்ச யோசிக்கிறோம். முன்னர் அன்றைக்குப் பள்ளிக்கு விடுமுறை என்கிறார்களே, உண்மையா? கூழ் கட்டிபடாமல் வர என்ன செய்ய?
— பெற்றோர் குழு, சங்கானை

விடுமுறை இருந்தது. அந்த மகிழ்ச்சியைத்தான் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்கான பாட்டாக எழுதி வைத்தார், இங்கே அதைத் தெரியாதவர் இல்லை. இன்றைக்கு ஜூலை நடுப்பகுதியில் பள்ளி நடக்கிறபடியால் பள்ளியிலேயே காய்ச்சுவது இன்னும் நல்லது. வீட்டில் காய்ச்சாத பிள்ளைகளும் குடிக்கும்.

கட்டிபடுவது மாவைக் கொதிதண்ணீரில் நேரே கொட்டுவதால். வறுத்த பயறை முதலில் அவித்துக்கொள்ளுங்கள், தேங்காய்ச் சொட்டையும் அதோடு போட்டு வேகவிடுங்கள். பச்சையரிசி மாவை ஆறின தண்ணீரிலோ கடைசிப் பாலிலோ நன்றாகக் கரைத்து, ஒருவர் ஊற்ற ஒருவர் அகப்பையால் விடாமல் துழாவ வேண்டும். பனங்கட்டியைத் தனியாகக் கரைத்து வடித்தபிறகு சேருங்கள், அதில் மண்ணும் ஓலைத்துண்டும் இருக்கும். முதற்பால் இறக்குகிற நேரத்துக்கு. பெரிய கிடாரம் ஊர்க் கோயிலில் இருக்கும், திரும்பக் கொடுக்கும்போது கழுவிக் கொடுங்கள், போன வருடத்துக் கோபம் இன்னும் போகவில்லை என்று உங்கள் ஊரிலிருந்தே இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. பிலாவிலையில் கோலிக் குடிக்கக் கொடுப்பதென்றால் இலையை முதல் நாளே பெரியவர்கள் பிடுங்கி வையுங்கள். பிள்ளைகளை அனுப்பினால் பாதிப்பேர் மரத்தில் இருப்பார்கள், கூழ் ஆறிவிடும்.